கிளிக்கென்று வந்த மரக்கறி

அக்காவிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது முடியாது என்கிற "ஏலா"தான். பிள்ளைக்குக் காய்ச்சல், கூட ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா என்று போய் நின்றால், பெண்களை எங்கள் ஊரில் கூப்பிடும் கா போட்டு, "என்னால ஏலா கா, இப்பதான் நைட் வேலை முடிச்சு வந்து காலை நீட்டினன்" என்பார். சொல்லிக்கொண்டே கொடியில் கிடக்கும் சேலையை இழுப்பார். கேட்டவள் வேலிக் கடப்படிக்குப் போவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்து நிற்பார். நாவற்குடாவில், கடற்கரைக்குப் போகும் எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். அதனால் அவர் ஏலாது என்று சொன்னால் யாரும் சோர்ந்து போவதில்லை. காரியம் ஆகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

நான் கலியாணம் முடித்து அந்த ஒழுங்கைக்கு வந்தபோது அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அற்றென்டனாக இருந்தார். எழும்ப முடியாதவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது, செத்தவர்களைத் தள்ளிக்கொண்டு போவது, இதுதான் வேலை. வீட்டுக்கு வந்ததும் பின்கதவுப் படியில் அமர்ந்து, வாளியில் சுடுநீர் ஊற்றி உப்புப் போட்டு, வீங்கிய கால் இரண்டையும் உள்ளே விடுவார். அப்போது அவர் முகத்தில் தெரியும் களைப்பு, படுத்து எழும்பினால் போய்விடுகிற களைப்பாக எனக்குத் தோன்றியதில்லை.

புருசன் தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில் வேலைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்று சொல்லவும் ஆளில்லை. பிள்ளைகளும் இல்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை, ஆனால் பூ வைப்பதை விட்டுவிட்டார். அதைப் பற்றி அவர் பேச மாட்டார். நாங்களும் கேட்பதில்லை.

அந்த வீட்டுக்குக் கிளி வந்ததும் ஓர் "ஏலா"வுக்குப் பிறகுதான்.

அது சமாதான காலம். வாவிக்கு அந்தப் பக்கம், வயலும் மாடும் உள்ள கரையைப் படுவான்கரை என்போம். அங்கிருந்து ஒரு பெரியவரை, காலில் சீனி வருத்தத்தால் வந்த ஆறாத புண்ணோடு, உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அவருடைய மனிசி முன்பே செத்துப் போயிருந்தார். ஒரே மகள் வேறு ஊரில் கலியாணம் முடித்திருந்தாள். வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் கிளியையும் கூட்டோடு கொண்டு வந்திருந்தார். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். பெரியவர் மறுத்தார். காலைப் பற்றியல்ல. கிளிக்கு ஒரு வழி செய்தால்தான் கையெழுத்து வைப்பேன் என்றார். கூடு வார்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தது. காகங்கள் அதைச் சுற்றிக் கரைந்துகொண்டிருந்தன.

நேர்ஸ் ஒருவர் அக்காவைக் கூப்பிட்டு, கிளியை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"ஏலா மிஸ். எனக்குக் கிளி பூனை ஒண்டும் புடிக்கா" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் இருந்து கூட்டோடு இறங்கினார். ஒழுங்கையில் எல்லோரும் சிரித்தோம். "ஒரு கிழமைக்குத்தான்" என்றார்.

பெரியவர் அவரிடம் கட்டிலில் கிடந்தபடி சொல்லி அனுப்பியது இதுதான். சோறு வைக்கக்கூடாது. பாண் வைக்கக்கூடாது. பச்சை மரக்கறி மட்டும். அதுவும் அன்றன்று பறித்தது. வாடியதைத் தின்றால் வயிறு ஊதிச் செத்துவிடும். முன்பு வளர்த்த ஒன்று அப்படித்தான் போனது.

அக்கா அந்தக் கிளியில் ஆசை வைத்தார் என்று சொன்னால் அது பொய். அது பேசாத கிளி. ஒழுங்கைப் பெண்கள் கூட்டுக்கு முன்னால் நின்று எத்தனையோ சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு ஒரு கீச்சுக் கத்தும், அவ்வளவுதான். கூட்டைத் துடைக்கக் கையை விட்டால் விரலைக் கடித்துவிடும். இருந்தும் வேலை முடிந்து வரும் வழியில் சந்தையில் இறங்காமல் அக்கா வீட்டுக்கு வந்த நாளை நான் காணவில்லை. ஒரு பிடி பயற்றங்காய், இரண்டு வெண்டிக்காய், காரமான பச்சைக் கொச்சிக்காய் கொஞ்சம். காலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டே மடியில் சுளகைப் போட்டு அவற்றை நறுக்குவார். கிளி பயற்றங்காயைப் பிளந்து விதையை மட்டும் தின்றுவிட்டுக் கோதைக் கம்பி வழியே அவர் தலையில் போடும்.

"தின்னு சனியனே, தின்னு" என்பார் அக்கா, குரலை உயர்த்தாமல்.

ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். சந்தையில் வழக்கமாக வாங்குகிற கடைக்காரர், "கிளிக்குத்தானே அக்கா, இந்தா இதைச் சும்மா கொண்டு போங்க" என்று முதல்நாள் மிஞ்சிய வாடல் கீரையை நீட்டினார்.

"வாடினது வேணாம்."

"கிளிக்கு என்ன தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுந்தானே" என்றுவிட்டு அக்கா புதுக் கட்டை எடுத்தார்.

வீட்டில் அவர் சாப்பிடுவதோ சோறும் தேங்காய்ச் சம்பலும். ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதுதான். தனக்கென்று கறி வைக்க அவருக்குப் பலமில்லை. கிளி போஞ்சி தின்னும் வீட்டில் மனிசி சம்பல் தின்னுகிறாளே என்று ஒழுங்கையில் பகிடி பண்ணுவார்கள். அக்கா அதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பெரியவர் ஒரு காலோடு ஊருக்குப் போனார். கிளியைக் கொண்டு போகவில்லை. ஊன்றுகோலில் புதிதாக நடக்கப் பழகுகிறேன், அறுவடை முடியட்டும் என்றார். அறுவடை முடிந்தது. விதைப்பு முடியட்டும் என்றார். ஒவ்வொரு முறை கிளினிக்குக்கு வரும்போதும் அக்கா அவரிடம் சண்டைக்குப் போவார்.

"உங்கட கிளியக் கொண்டு போங்க. என்னால ஏலா."

"கூட்டைத் தூக்குவனா, பொல்லைப் புடிப்பனா, சொல்லுங்க பாப்பம்" என்பார் பெரியவர்.

அதற்குப் பதிலாக அவர் மரக்கறி அனுப்பத் தொடங்கினார். அவர் ஊர்த் தயிர்க்காரர் ஒருவர் சைக்கிளில் சட்டிகளைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் விற்க வருவார். மண்முனைத் துறையில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் இரும்பு மிதவையை நாங்கள் பாதை என்போம். அந்தப் பாதையில் ஏறித்தான் அவர் வருவார். தயிர்ச் சட்டிகளுக்கு மேலே ஓர் உரப்பை கட்டியிருக்கும். உள்ளே கத்தரி, பூசணிக்கீற்று, பனி காயாத பயற்றங்காய், வல்லாரைக் கட்டு.

"கிளிக்காம்" என்று கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு கிளி ஒரு மாதம் தின்றாலும் முடியாத அளவு. வாடவிடக்கூடாது என்பதால் அக்கா மிச்சத்தைச் சமைத்தார். அப்படித்தான் அந்த வீட்டில் கறி மணம் வந்தது. எனக்கும் வேலிக்கு மேலால் ஒரு கோப்பை நீட்டுவார்.

அக்கா எல்லா ஆண்களுக்கும் ஓர் உறவுமுறை வைத்திருந்தார். கடைக்காரர் அண்ணன், கண்டக்டர் தம்பி, தயிர்க்காரரும் தம்பிதான். பெரியவரை மட்டும் அவர் அண்ணன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அந்த மனிசன்" என்பார். பெரியவரும் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. பெயரோ முறையோ இல்லாமல் நேராகப் பேச்சைத் தொடங்குவார். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணின் வளவுக்குள் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். கிளினிக்கில் வாங்குப் பலகையில் அவர் இருப்பார், அக்கா துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வழியால் போவார், கொஞ்சம் நிற்பார். அவ்வளவுதான் அவர்களுடைய சந்திப்பு.

கடல் ஊருக்குள் வந்த அன்று காலை அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் என் கணவரும், எல்லோரும் ஓடுகிறார்களே என்று பெரிய றோட்டுக்கு ஓடித் தப்பினோம். எங்கள் ஒழுங்கையில் கடல் பக்கத்து வீடுகள் அத்திவாரத்தோடு போயின. எங்கள் வீடும் அக்காவின் வீடும் கதவு இல்லாமல், ஓடு இல்லாமல், சுவர் மட்டும் நின்றன. தினமும் முகம் பார்த்துப் பேசியவர்கள் பலர் இல்லை. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம்.

அக்கா சில நாள் கழித்துத்தான் வந்தார். ஆஸ்பத்திரியில் நடைபாதை முழுதும் உடல்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் வேலை அவருக்கு. துணியை விலக்குவது, முகத்தைக் காட்டுவது, மூடுவது, அடுத்ததற்குப் போவது. பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு வளவைப் பார்க்கப் போனார். கூடு பின்வேலிப் பூவரசில் சிக்கி நசுங்கிக் கிடந்தது. கிளி உள்ளேயே இருந்தது. அக்கா மண்வெட்டி இல்லாமல் ஓட்டுத் துண்டால் கிண்டி அதைப் புதைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வா கா, போவம்" என்றார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ தயிர்க்காரர் எங்களைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சைக்கிளில் தயிர்ச் சட்டி இல்லை. உரப்பைகள் மட்டும்.

"அக்கா, பெரியவர் தந்து விட்டவர். நீங்க உசிரோட இரிக்கயளா எண்டு பாத்து வரச் சொன்னவர். கிளி என்ன மாதிரி எண்டும் கேட்டவர்."

அக்கா அந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும் சுகம் எண்டு சொல்லுங்க தம்பி" என்றார்.

தயிர்க்காரர் வகுப்பறைக்குள் பார்த்தார். மேசைகளை அடுக்கிச் சேலையால் மறைத்த இடங்கள், பாய்கள், பிள்ளைகள். கூடு எங்கும் இல்லை. சைக்கிளைத் திருப்பினார்.

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இத்தின நாளும் வாற வாற ஆக்களுக்கெல்லாம் செத்த செய்தியத்தான் கா சொன்னன். இன்னும் ஒராளுக்குச் சொல்ல என்னால ஏலா."

"பொறகாவது சொல்லிருங்க. அவர் கேப்பாரு."

"ஏலா கா."

அவர் வாயில் ஏலா என்று வந்ததால் எப்படியும் ஒரு நாள் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் ஏலாது என்று சொல்லிச் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றையும் அதுவரை நான் கண்டதில்லை.

அந்தப் பைகளை அவிழ்த்தபோது வகுப்பறைப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பருப்பும் டின்மீனும் தின்று வாய் செத்துப் போயிருந்தது எங்களுக்கு. பெரிய கிடாரத்தில் கத்தரிக்காயும் பூசணியும் வெந்தன. ஒருத்தி, "இவ்வளவும் ஒரு கிளிக்கா?" என்று கேட்டாள். அக்கா அகப்பையை விடாமல், "அது நல்லாத் தின்னும்" என்றார்.

தகரம் போட்டு, கதவு போட்டு, நாங்கள் மீண்டும் ஒழுங்கைக்குப் போனோம். கடல் பக்கம் வெளியாகக் கிடந்தது. இரவில் அலைச் சத்தம் முன்னைவிடக் கிட்டக் கேட்டது. அக்கா வேலைக்குப் போனார், வந்தார், காலை உப்புத் தண்ணீரில் வைத்தார். உரப்பை வருவது நிற்கவில்லை. இல்லாத கிளிக்காக இரண்டு வருசம் மரக்கறி வந்தது.

கிளினிக்கில் பெரியவர் கேட்பார். அக்கா ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒருமுறை எனக்கு மருந்தெடுக்கப் போனபோது பக்கத்தில் நின்று கேட்டேன்.

"கிளி என்ன செய்யுது?"

"நேத்துக் கொச்சிக்காயக் கடிச்சுப் போட்டு நாள் முழுக்கக் கத்தினது."

"போஞ்சி தின்னுதா?"

"போஞ்சி இப்ப தொடுகுதில்ல. கெக்கரிக்காய் எண்டாத்தான் விருப்பம்."

கெக்கரிக்காயில் விருப்பம் அக்காவுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அடுத்த பையில் பாதி கெக்கரிக்காய் வந்தது. அதைக் கண்டு அக்கா சிரிக்கவில்லை. படியில் இருந்துகொண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பாவத்தை நான் எங்க கொண்டு போய்க் கழுவுவன்" என்றார். சொல்லிவிடுங்கள் என்று நான் மறுபடியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு சண்டை திரும்பவும் படுவான்கரைக்கு வந்தது. செல் குண்டு விழும் சத்தத்தில் எங்கள் கரையில் தகரம் அதிரும். பாதை ஓடுவது நின்றது. தயிர்க்காரர் வரவில்லை. கிளினிக் நாளில் அக்கா வாங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். சமையல் பழையபடி சம்பலுக்கு வந்தது.

ஒரு நாள் அந்தக் கரைச் சனம் முழுதும் எங்கள் கரைக்கு வரத் தொடங்கியது. கிடைத்த தோணியில், சுற்று வழியில், நடந்து, மாட்டை விட்டு, நெல்லை விட்டு வந்தார்கள். பள்ளிக்கூடம், கோயில் வளவு, வெறுங்காணி என்று எல்லா இடத்திலும் கூடாரம் முளைத்தது.

"ஏலா கா, கால் வீங்கிக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு அக்கா சேலையை மாற்றினார். என்னையும் கூட்டிக்கொண்டார். லீவு நாட்களில் ஆரையம்பதி தொடங்கித் தேற்றாத்தீவு வரை முகாம் முகாமாக ஏறி இறங்கினோம். ஒரு கால் இல்லாத பெரியவர், பொல்லோடு, என்று கேட்டால் ஒவ்வொரு முகாமிலும் இரண்டு மூன்று பேரைக் காட்டினார்கள். யுத்தம் அத்தனை கால்களை எடுத்திருந்தது. கடைசியில் செட்டிபாளையத்தில் ஒரு கூடாரத்து வாசலில் அவர் இருந்தார். மெலிந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. அக்கா முன்னால் போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்தார்.

முதலில் அவர் பார்த்தது அக்காவின் கால்களை.

"வீங்கியிரிக்கி" என்றார்.

"நடந்து வந்தது."

"கிளி?"

"சுகம்."

மகளும் அவரோடு இருந்தாள். அவளுடைய புருசன் வரும் வழியில் செல்லடியில் செத்திருந்தான். அவள் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தாள். கூடாரத்துக்குள் வெயில் நெருப்பாக இருந்தது. நிவாரணத்தில் அரிசி, மா, பருப்பு, சீனி. சீனி வருத்தக்காரருக்குச் சீனி. பச்சை என்று ஒன்றைக் கண்டு எத்தனை நாளோ.

அடுத்த கிழமையிலிருந்து அக்கா சந்தையில் இறங்கினார். பழைய கடைக்காரரிடமே வாங்கினார். வாடலைத் தள்ளி, ஒவ்வொரு பயற்றங்காயையும் முறித்துப் பார்த்து எடுத்தார். பையோடு செட்டிபாளையத்துக்குப் பஸ் ஏறினோம்.

"கிளிக்கு வாங்கினது. கூடிப் போச்சு" என்று பையைப் பெரியவர் பக்கத்தில் வைத்தார். "வாடினா அதுக்குக் குடுக்க ஏலாதெல்லோ."

"ஓம், வாடினதக் குடுக்கப்படா" என்றார் பெரியவர். பைக்குள் பார்த்தார். முருங்கை இலைக் கட்டை எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

இது கிழமை தவறாமல் நடந்தது. நைட் முடித்து வந்து, தூங்காமல் போன நாட்களும் உண்டு. பஸ்ஸில் என் தோளில் தலை சாய்ந்து தூங்குவார். எழுப்பினால், "ஏலா கா, இனி இந்தப் பக்கம் வரமாட்டன்" என்பார். அடுத்த கிழமை என் கடப்படியில் வந்து நிற்பார்.

ஒரு நாள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்தது. மகளுக்கு உதவியாக அக்காவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் பெரியவரும் தனித்திருந்தோம். வரிசை நீளமாக இருந்தது. அக்கா வெயிலில் நிற்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள" என்றார். "கிளி கடலோட போனது எனக்குத் தெரியும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"தயிர்க்காரன் அண்டைக்கே சொல்லிட்டான். கூட்டைக் காணல்ல எண்டு."

"மறுகா ஏன் மரக்கறி அனுப்பினீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதைக்கூடக் கேட்க வேண்டுமா என்பது போல.

"அவ தின்ன வேணாமா?" என்றார். "நான் வார்ட்டில கிடக்கக்கே பாத்தன். மத்தவங்களயெல்லாம் தூக்கி இருத்திப் போட்டு, ஒரு மூலைக்குள்ள இருந்து சோத்தையும் சம்பலையும் தின்னும். கிளிக்கு எண்டாத்தான் வாங்கும், தனக்கெண்டா வாங்கா. சும்மா குடுத்தா ஏலா எண்டு சொல்லியிரிக்கும்."

பொல்லைப் பக்கத்தில் இழுத்து வைத்து, "அவட்ட சொல்லிராதங்க. வெக்கப்படும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அன்று பஸ்ஸில் அக்கா, "இண்டைக்காவது சொல்லுவம் எண்டுதான் போனன், அந்த மனிசன்ட முகத்தப் பாத்தா ஏலாமக் கிடக்கு" என்றார். நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சில மாதத்தில் அவர்களைப் பஸ்களில் ஏற்றித் திரும்ப ஊருக்கு அனுப்பினார்கள். வீடு கூரையில்லாமல் இருந்ததாம். மாடுகள் இல்லை. வயலைத் தொடுவதற்கு நாள் எடுத்தது. பெரியவருக்கு மற்றக் காலிலும் புண் வந்தது. கிளினிக்குக்கு அவரால் வர முடியவில்லை. சோதனைச் சாவடியெல்லாம் தாண்டி அக்கா இரண்டு மூன்று தடவை மருந்தும் மரக்கறியும் கொண்டு போய்வந்தார். அதற்குள் அக்காவுக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்துவிட்டது. ஓய்வு வந்தால் கால் வீக்கம் வற்றும் என்றார்கள். வற்றவில்லை.

வன்னியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன நாட்களில் நகரத்தில் வெடி கொளுத்திய சத்தம் கேட்டது. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அந்த நாட்களில் ஒன்றில்தான் தயிர்க்காரர் வந்தார். நரைத்திருந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே, "பெரியவர் விடியச் செத்துப் போனார் அக்கா" என்றார்.

அக்கா சேலையை மாற்றினார். அன்று மட்டும் ஏலாது என்று சொல்லவில்லை.

செத்த வீட்டில் சனம் அதிகமில்லை. மகள் அக்காவைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப் பிடித்தாள். அக்காவைத் தெரியாத ஒரு கிழவி, "இவ செத்தவருக்கு என்ன முறை?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார். கேட்கப்பட்டவளுக்குத் தெரியவில்லை. அக்காவின் காதில் அது விழுந்தது. "ஆஸ்பத்திரியில பழக்கம்" என்றார்.

வாய்க்கரிசி போடும்போது அவரும் போனார். போட்டுவிட்டு விலகாமல், குனிந்து, பெரியவரின் காதுக்குக் கிட்ட வாயை வைத்து ஏதோ சொன்னார். அது நீண்டது. பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ செத்த முகங்களை மூடியவர், அந்த முகத்தை மூடவில்லை. நெற்றியில் கையை வைத்துவிட்டு வந்தார்.

திரும்பும்போது மண்முனைப் பாதை மிதவையில் எங்களோடு சில சைக்கிள்களும் ஒரு மாடும். தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது.

"சொல்லிட்டன் கா" என்றார் அக்கா.

"என்னத்தை?"

"கிளி செத்துப் போச்சு, இத்தின வருசமும் பொய் சொல்லிட்டன், மன்னிச்சிருங்க எண்டு. உசிரோட இரிக்கக்க ஏலாமப் போச்சு." என் பக்கம் திரும்பி, "கோவிச்சிருப்பாரா?" என்று கேட்டார்.

சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர் இனி இல்லை. நான் செட்டிபாளையத்தில் அவர் சொன்னதைச் சொன்னேன். தயிர்க்காரர் கூட்டைக் காணவில்லை என்று போய்ச் சொன்னது, சோறும் சம்பலும், எல்லாவற்றையும் அவர் சொன்ன மாதிரியே சொன்னேன்.

அக்கா பாதையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப," என்றார். "அதெல்லாம் எனக்கா கா அனுப்பினது?"

"ஓம் அக்கா."

துறையில் இறங்கி, சந்திக்கு நடந்து, பஸ் ஏறினோம். இருக்கையில் அமர்ந்ததும் அக்கா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எனக்குத் தெரிந்து அவர் அழுதது அன்றுதான். சுனாமிக்கு அழவில்லை, செட்டிபாளையத்தில் அழவில்லை. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டு, டிக்கெட் காசு கேட்காமல் முன்னால் போனார்.

நாவற்குடாச் சந்தி வந்தது. நாங்கள் இறங்க வேண்டிய இடம். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அக்கா முந்தானையை எடுக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பாமல் இருந்தேன். பஸ் எங்களையும் ஏற்றிக்கொண்டு நகரத்துப் பக்கம், கல்லடிப் பாலத்துக்கு மேலால் போனது.